விசையும் இயக்கமும்: கணக்குகளைச் சரியான வரிசையில் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

விசை, இயக்கம் பற்றிய கணக்குகளில் திணறும் மாணவர்களின் தாள்களைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலான பிழைகள் சமன்பாட்டைத் தீர்க்கும்போது நேர்வதில்லை என்பது தெரியும். சமன்பாட்டை எழுதுவதற்கு முன்பே அவை நேர்ந்துவிடுகின்றன. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம், அதன்மேல் எவை விசை செலுத்துகின்றன, எந்தத் திசையை நேர்க்குறியாகக் கொள்கிறோம் ஆகிய மூன்றையும் முடிவு செய்யாமலே எண்களைச் சூத்திரத்தில் இடத் தொடங்குவதுதான் அவற்றுக்குக் காரணம். எனவே ஒரு கணக்கை எதிலிருந்து தொடங்கி எதில் முடிப்பது என்ற வரிசையையே இங்கே விளக்குகிறேன். கணக்கிடுவதற்கு எளிதாக இருக்கும் பொருட்டு, ஈர்ப்பு முடுக்கத்தை எல்லா இடங்களிலும் 10 மீ/வி² என்றே கொள்வோம். அதன் சராசரி மதிப்பு ஏறத்தாழ 9.8 மீ/வி².

1. தொடங்கும் முன் தேவையானவை

கணிதத்தில் மூன்று திறன்கள் போதும்: ஒரு மாறி உள்ள சமன்பாட்டைத் தீர்ப்பது, இரண்டு மாறிகள் உள்ள சமன்பாடுகளை இணைத்துத் தீர்ப்பது, செங்கோண முக்கோணத்தில் சைன், கொசைன் காண்பது. மூன்றாவது திறன் இல்லாதவர் சாய்வான விசைகள் வரும் பகுதியைத் தள்ளிவைத்து, நேர்கோட்டுக் கணக்குகளை முதலில் முடிக்கலாம்.

இயற்பியலில் இரண்டு வேறுபாடுகள் மனத்தில் உறுதியாக இருக்க வேண்டும். கடந்த தொலைவு என்பது நடந்த வழியின் மொத்த நீளம்; இடப்பெயர்ச்சி என்பது தொடக்கப் புள்ளியிலிருந்து இறுதிப் புள்ளி எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் உள்ளது என்பது. வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் இடையே உள்ள வேறுபாடும் இதே போன்றதே. அடுத்தது நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாடு. நிறை கிலோகிராமில் அளக்கப்படுவது. இடத்துக்கு இடம் மாறாதது. எடை ஒரு விசை, நியூட்டனில் அளக்கப்படுவது. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை (நிறை × ஈர்ப்பு முடுக்கம்) புவியில், இங்கே மட்டும் 9.8 மீ/வி² என்று கொண்டால், ஏறத்தாழ 590 நியூட்டன். ஈர்ப்பு முடுக்கம் 1.62 மீ/வி² மட்டுமே உள்ள நிலவில் அது ஏறத்தாழ 97 நியூட்டன். அவரைத் தள்ளும்போது உண்டாகும் முடுக்கத்தைக் கணக்கிடும்போது இரண்டு இடங்களிலும் 60 கிலோகிராம் என்ற அதே எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கணக்கைப் படித்தவுடன் எல்லா அளவுகளையும் கிலோகிராம், மீட்டர், வினாடிக்கு மாற்றிவிடுங்கள். மணிக்கு கிலோமீட்டரை 3.6ஆல் வகுத்தால் வினாடிக்கு மீட்டர் கிடைக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 20 மீட்டர். இந்த மாற்றத்தைக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று ஒத்திப்போடுபவர்களில் பலர் அதைச் செய்ய மறந்துவிடுகிறார்கள்.

2. முதலில் இயக்கத்தை விவரியுங்கள்

விசையைத் தொடுவதற்கு முன், பொருள் எப்படி நகர்கிறது என்பதை மட்டும் சொல்லப் பழக வேண்டும். முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். விசை தீர்மானிப்பது முடுக்கத்தை மட்டுமே; திசைவேகத்தை அது நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. இந்த ஒன்று புரியாதவருக்குப் பின்னால் வரும் எல்லாமே குழப்பமாக இருக்கும் என்பதால், இதில் கூடுதல் நேரம் செலவிடுவது நல்லது.

சீரான முடுக்கத்துக்கு மூன்று சமன்பாடுகள் உள்ளன:

இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × காலம்

இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × காலம் + ½ × முடுக்கம் × காலத்தின் வர்க்கம்

இறுதித் திசைவேகத்தின் வர்க்கம் = தொடக்கத் திசைவேகத்தின் வர்க்கம் + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி

முடுக்கம் மாறிக்கொண்டே இருந்தால் இவற்றில் எதுவும் செல்லாது. அப்போது திசைவேகம்–காலம் வரைபடத்தின் துணையை நாட வேண்டும். அதன் சாய்வு முடுக்கத்தையும், கோட்டின் கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சியையும் தரும். மூன்றில் எதைத் தேர்வது என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கணக்கில் தரப்படாததும் கேட்கப்படாததுமான அளவு எது என்று பாருங்கள்; அந்த அளவு இடம்பெறாத சமன்பாடே உங்களுக்கு உரியது.

வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் 4 மீ/வி² என்ற வீதத்தில் வேகம் குறைந்து நிற்கிறது. எவ்வளவு தொலைவில் நிற்கும்? காலம் தரப்படவில்லை, கேட்கப்படவும் இல்லை. ஆகவே மூன்றாவது சமன்பாடு: 0 = 400 − 8 × இடப்பெயர்ச்சி; விடை 50 மீட்டர். வேகம் இரு மடங்கானால் விடை 100 மீட்டர் ஆகாது, 200 மீட்டர் ஆகும். ஏனெனில் சமன்பாட்டில் இருப்பது வேகத்தின் வர்க்கம்.

அடுத்து, குறிகள். எந்தத் திசை நேர்க்குறி என்பதைத் தாளில் ஓர் அம்பு வரைந்து எழுதிவிடுங்கள். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறிந்த பந்துக்கு மேல்திசையை நேர்க்குறியாகக் கொண்டால், முடுக்கம் ஏறும்போதும் −10, உச்சியிலும் −10, இறங்கும்போதும் −10. பந்து திரும்புகிறதே என்று முடுக்கத்தின் குறியை மாற்றுவது மிகப் பரவலான பிழை. உச்சியில் திசைவேகம் சுழி என்பதால் முடுக்கமும் சுழி என்று எழுதுவது அதற்கு அடுத்தது. உச்சியில் முடுக்கமும் சுழியானால் பந்து அங்கேயே நின்றுவிட வேண்டும். 3 வினாடி முடிவில் பந்தின் இடப்பெயர்ச்சி 20 × 3 − 5 × 9 = 15 மீட்டர். ஆனால் அது 20 மீட்டர் ஏறி 5 மீட்டர் இறங்கியிருப்பதால் கடந்த தொலைவு 25 மீட்டர். சமன்பாடு தருவது எப்போதும் இடப்பெயர்ச்சியை மட்டுமே.

3. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

நியூட்டனின் இரண்டாம் விதி ஒரு குறிப்பிட்ட பொருளின்மேல் செயல்படும் விசைகளையும் அந்தப் பொருளின் முடுக்கத்தையும் இணைக்கிறது. பொருள் எது என்று சொல்லாமல் விதியை எழுத முடியாது. 'பெட்டியைப் பற்றி எழுதுகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குவது தேவையற்ற சடங்காகத் தோன்றலாம். கயிறு, கப்பி, இரண்டு பெட்டிகள் என்று கணக்கு விரியும்போது அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

4. தனித்த பொருளின் விசைப் படத்தை வரையுங்கள்

தேர்ந்தெடுத்த பொருளை ஒரு புள்ளியாகவோ சிறு கட்டமாகவோ தனியே வரையுங்கள். தரை, சுவர், கயிறு எதையும் அதனுடன் சேர்த்து வரைய வேண்டாம். அவை செலுத்தும் விசைகளை மட்டும் அம்புகளாகக் குறியுங்கள். சுற்றுப்புறத்தை நீக்கிவிட்டு வரைவதன் காரணம், மற்றப் பொருள்களின்மேல் செயல்படும் விசைகள் தவறுதலாக உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதே.

விசைகளைத் தேடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் எடையை எழுதுங்கள். அது எப்போதும் நேர் கீழ்நோக்கி இருக்கும். பிறகு பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பவை ஒவ்வொன்றையும் எண்ணுங்கள். பரப்பு ஒன்று தொட்டால் அது பரப்புக்குச் செங்குத்தாகத் தள்ளும் செங்குத்து விசையைத் தரும். சொரசொரப்பாக இருந்தால் பரப்பை ஒட்டிய உராய்வையும் தரும். கயிறு தொட்டால் இழுவிசை. கயிற்றால் இழுக்க முடியுமே தவிரத் தள்ள முடியாது. பள்ளிக் கணக்குகளில் தொடாமல் செயல்படுபவை எடை, மின்விசை, காந்தவிசை ஆகியவை மட்டுமே. தொடுபவை முடிந்ததும் பட்டியல் முடிந்தது.

ஒவ்வோர் அம்புக்கும் 'இந்த விசையைச் செலுத்துவது எது?' என்று கேட்டு விடை எழுதுங்கள். விடை இல்லாத அம்பை அழித்துவிடுங்கள். மேலே எறிந்த பந்தின் படத்தில் 'எறிந்த விசை' என்று மேல்நோக்கி ஓர் அம்பு வரைபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், கையை விட்டுப் பந்து பிரிந்த பிறகு அதைத் தள்ளுவதற்கு எதுவும் இல்லை என்று தாமே காண்பார்கள். காற்றின் தடையைப் புறக்கணித்தால் அங்கே எடை ஒன்றுதான் உண்டு. தொடர்ந்து நகர விசை தொடர்ந்து வேண்டும் என்ற எண்ணம் எளிதில் விலகாது. அதை விலக்க நான் அறிந்த சிறந்த வழி, இந்தக் கேள்வியை ஒவ்வொரு படத்திலும் விடாமல் கேட்பதே.

இன்னும் இரண்டு தவறான அம்புகள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, 'நிறை × முடுக்கம்' என்பதையே ஒரு விசையாக வரைவது. அது விசைகளின் கூட்டுத்தொகை தரும் விளைவு. தனி விசை அன்று. மற்றொன்று, நியூட்டனின் மூன்றாம் விதியின் இணையை, அதாவது பொருள் தன்னைத் தள்ளும் பொருளைத் திருப்பித் தள்ளும் சமமான விசையை, அதே படத்தில் வரைவது. பெட்டி தரையை அழுத்தும் விசை தரையின்மேல் செயல்படுகிறது. பெட்டியின் படத்தில் அதற்கு இடமில்லை. மேசைமேல் இருக்கும் பெட்டியின் எடையும் மேசை தரும் செங்குத்து விசையும் செயல்–எதிர்ச்செயல் இணை என்று எழுதுவதும் பிழையே, ஏனெனில் அவை இரண்டும் ஒரே பொருளின்மேல் செயல்படுகின்றன. எடையின் உண்மையான இணை, பெட்டி புவியை மேல்நோக்கி ஈர்க்கும் விசை. செங்குத்து விசையின் இணை, பெட்டி மேசையை அழுத்தும் விசை.

செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். 50 கிலோகிராம் நிறையுள்ளவர் மின்தூக்கியில் நிற்கிறார்; மின்தூக்கி 2 மீ/வி² முடுக்கத்துடன் மேலே ஏறத் தொடங்கினால், செங்குத்து விசை − 500 = 50 × 2, அதாவது அது 600 நியூட்டன். கீழ்நோக்கி அதே முடுக்கம் என்றால் 400 நியூட்டன். சீரான வேகத்தில், மேலே சென்றாலும் கீழே சென்றாலும், சரியாக 500 நியூட்டன். செங்குத்து விசையை மாற்றுவது முடுக்கமே. செல்லும் திசைக்கு அதில் பங்கில்லை.

5. அச்சுகளைத் தேர்ந்து விசைகளைப் பிரியுங்கள்

ஓர் அச்சை முடுக்கத்தின் திசையிலும் மற்றதை அதற்குச் செங்குத்தாகவும் வையுங்கள். அப்படி வைத்தால் இரண்டாவது அச்சில் முடுக்கம் சுழி ஆகிவிடும். வேலை பாதியாகக் குறையும்.

சாய்தளத்தில் இதன் பயன் தெளிவாகத் தெரியும். அச்சைத் தளத்தை ஒட்டி வைத்தால் எடையை மட்டும் பிரித்தால் போதும்: தளத்தை ஒட்டிக் கீழ்நோக்கி எடை × சைன், தளத்துக்குச் செங்குத்தாக எடை × கொசைன். எது சைன், எது கொசைன் என்ற ஐயம் வந்தால் சாய்கோணத்தைச் சுழியாக்கிப் பாருங்கள். தளம் கிடையாகும்போது பொருளைச் சறுக்கச் செய்யும் கூறு மறைய வேண்டும். சைன் சுழியாவதால் அதுவே சறுக்கும் கூறு. உராய்வற்ற 30 பாகைத் தளத்தில் முடுக்கம் 10 × 0.5 = 5 மீ/வி². இதில் நிறை நீங்கிவிடுவதால், கணக்கில் நிறை தரப்படவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை.

பிரித்த பிறகு மூல விசையை அடித்துவிடுங்கள். எடையையும் அதன் இரு கூறுகளையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே விசையை இருமுறை எண்ணியதாகிவிடும்.

6. இப்போது சமன்பாட்டை எழுதுங்கள்

ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனியே: விசைகளின் குறியிட்ட கூட்டுத்தொகை = நிறை × அந்த அச்சிலுள்ள முடுக்கம். முதலில் சொற்களாலோ எழுத்துகளாலோ எழுதிவிட்டுப் பிறகு எண்களை இடுங்கள். எண்களை முதலிலேயே இட்டால் பிழை எங்கே நுழைந்தது என்று பின்னர்க் கண்டுபிடிக்க முடியாது. பொருள் ஓய்விலோ சீரான திசைவேகத்திலோ இருந்தால் வலப்பக்கம் சுழி.

7. உராய்வு: இங்கே நிதானம் வேண்டும்

10 கிலோகிராம் பெட்டி ஒன்று கிடைத்தளத்தில் இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.35, இயக்க உராய்வுக் குணகம் 0.3. குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கினால், முதலாவது ஓய்வில் உராய்வின் பெரும மதிப்பையும், இரண்டாவது நகரும்போது உள்ள உராய்வையும் தரும். செங்குத்து விசை 100 நியூட்டன்.

முதலில் 20 நியூட்டன் விசையால் கிடையாக இழுக்கிறோம். உராய்வு எவ்வளவு? பலரும் 0.35 × 100 = 35 நியூட்டன் என்று எழுதுவார்கள். அப்படியானால் பெட்டி இழுக்கும் திசைக்கு எதிராக ஓட வேண்டும். 35 நியூட்டன் என்பது ஓய்வுநிலை உராய்வு எட்டக்கூடிய பெரும மதிப்பு. பொருள் நகராதிருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அது செயல்படும்; இங்கே 20 நியூட்டன். ஆகவே உராய்வுள்ள கணக்கில் முதல் கேள்வி, பொருள் நகருமா என்பதே. இழுக்கும் விசையைப் பெரும மதிப்போடு ஒப்பிட்டபின்தான் அடுத்த வரியை எழுத வேண்டும்.

இப்போது 40 நியூட்டனால் இழுக்கிறோம். அது 35ஐ விட அதிகம், பெட்டி நகரும். நகர்ந்ததும் இயக்க உராய்வு 0.3 × 100 = 30 நியூட்டன். தொகுபயன் விசை (விசைகளின் குறியிட்ட கூட்டுத்தொகை) 10 நியூட்டன். முடுக்கம் 1 மீ/வி². ஓய்விலிருந்து 4 வினாடியில் திசைவேகம் வினாடிக்கு 4 மீட்டர், இடப்பெயர்ச்சி 8 மீட்டர்.

அந்தக் கணத்தில் இழுப்பதை நிறுத்துகிறோம். விசைகள் மாறிவிட்டதால் பழைய படம் செல்லாது. புதிய படம் வரைந்து, இயக்கத்தை இரண்டு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் உராய்வு மட்டுமே உள்ளது: முடுக்கம் −3 மீ/வி². பெட்டி நிற்க 4 ÷ 3, அதாவது ஏறத்தாழ 1.33 வினாடி ஆகும். அதற்குள் 16 ÷ 6, ஏறத்தாழ 2.67 மீட்டர் நகரும். 'இழுப்பதை நிறுத்தி 3 வினாடி கழித்துத் திசைவேகம் என்ன?' என்று கேட்டால், 4 − 9 = −5 என்று எழுதத் தோன்றும். ஆனால் நின்றுபோன பெட்டியை உராய்வு பின்னோக்கித் தள்ளாது, விடை சுழி. சமன்பாடு செல்லும் கால எல்லை 1.33 வினாடியோடு முடிந்துவிட்டது.

8. சாய்வாக இழுப்பதும் சாய்வாகத் தள்ளுவதும்

அதே பெட்டியை 50 நியூட்டன் விசையால், கிடைத்தளத்துக்கு மேலே ஏறத்தாழ 37 பாகை சாய்வில் இழுப்போம். கொசைன் 0.8, சைன் 0.6 என்பதால் கிடைக்கூறு 40, மேல்நோக்கிய கூறு 30 நியூட்டன். மேல்நோக்கிய கூறு எடையின் ஒரு பகுதியைத் தாங்குவதால் செங்குத்து விசை 70 நியூட்டனாகக் குறைகிறது. பெரும ஓய்வுநிலை உராய்வு 24.5; பெட்டி நகரும். இயக்க உராய்வு 21 நியூட்டன்; முடுக்கம் (40 − 21) ÷ 10 = 1.9 மீ/வி².

அதே 50 நியூட்டனை அதே கோணத்தில் பின்னாலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளினால் செங்குத்து விசை 130 நியூட்டன். பெரும ஓய்வுநிலை உராய்வு 45.5, கிடைக்கூறோ 40 தான். பெட்டி அசையாது, உராய்வு 40 நியூட்டனாக நிற்கும். விசையின் அளவும் சாய்கோணமும் மாறவில்லை. ஆனாலும் ஒன்றில் பெட்டி நகர்கிறது, மற்றதில் நகரவில்லை. செங்குத்து விசையை 100 என்றே வைத்துக்கொண்டவர் இரண்டுக்கும் ஒரே விடையை எழுதியிருப்பார். இந்த இணைக் கணக்கை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

9. இரண்டு பொருள்கள் இணைந்திருக்கும்போது

உராய்வற்ற மேசைமேல் 4 கிலோகிராம் கட்டை. அதனுடன் இணைந்த கயிறு மேசை விளிம்பிலுள்ள கப்பியின் வழியே சென்று 1 கிலோகிராம் கட்டையைத் தாங்குகிறது. கயிறு நீளாது, கயிறும் கப்பியும் நிறையற்றவை, கப்பியில் உராய்வில்லை என்று கொள்வோம். நீளாத கயிறு என்பதால் இரு கட்டைகளின் முடுக்கங்களின் அளவும் சமம். நிறையற்றவை, உராய்வில்லாதவை என்பதால் கயிறு முழுவதும் ஒரே இழுவிசை. இந்த நிபந்தனைகளைக் கணக்கு ஏன் குறிப்பிடுகிறது என்பதற்கு இதுவே விடை.

ஒவ்வொரு கட்டைக்கும் தனிப் படம், தனிச் சமன்பாடு, இயக்கத்தின் திசையே நேர்க்குறி:

மேசைமேல் உள்ளதற்கு: இழுவிசை = 4 × முடுக்கம்

தொங்குவதற்கு: 10 − இழுவிசை = 1 × முடுக்கம்

இரண்டையும் கூட்டினால் 10 = 5 × முடுக்கம்; முடுக்கம் 2 மீ/வி², இழுவிசை 8 நியூட்டன். தொங்கும் கட்டையின் எடையான 10 நியூட்டனையே இழுவிசை என்று எழுதுவது இங்கே வழக்கமான பிழை. இழுவிசை 10 ஆக இருந்தால் தொங்கும் கட்டையின்மேல் தொகுபயன் விசை சுழியாகிவிடும். அது முடுக்கமடைய முடியாது.

10. விடையைச் சோதியுங்கள்

அலகு சரியா என்று முதலில் பாருங்கள். அடுத்து, கணக்கின் ஓர் அளவை மிகச் சிறியதாகவோ மிகப் பெரியதாகவோ கற்பனை செய்து விடை பொருத்தமாக மாறுகிறதா என்று பாருங்கள். மேற்கண்ட கப்பிக் கணக்கில் முடுக்கத்தின் பொது வடிவம், தொங்கும் நிறையை இரு நிறைகளின் கூட்டுத்தொகையால் வகுத்து 10ஆல் பெருக்கியது. தொங்கும் நிறை மிகப் பெரிதானால் முடுக்கம் 10ஐ நெருங்கும். கட்டை ஏறத்தாழத் தடையின்றி விழுவதற்கு இது பொருந்துகிறது. தொங்கும் நிறை சுழியானால் முடுக்கமும் சுழி. இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் படத்துக்குத் திரும்பிச் சென்று அம்புகளை மீண்டும் எண்ண வேண்டும்.

எதிர்க்குறியில் விடை வந்தால் உடனே அழித்துவிட வேண்டாம். உராய்வில்லாத கணக்கில், அந்த முடுக்கமோ திசைவேகமோ நீங்கள் கருதிய திசைக்கு எதிர்த்திசையில் உள்ளது என்று மட்டுமே அதற்குப் பொருள், அளவு சரியானதே. உராய்வு உள்ள கணக்கில் அப்படி விட முடியாது. இயக்கத்தின் திசை தவறாகக் கருதப்பட்டிருந்தால் உராய்வின் அம்பும் தவறான பக்கம் வரையப்பட்டிருக்கும். ஆகவே நான்காம் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். செங்குத்து விசையோ கயிற்றின் இழுவிசையோ எதிர்க்குறியில் வந்தால், பொருள் பரப்பை விட்டுப் பிரிந்துவிட்டது அல்லது கயிறு தளர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது அந்த விசையைப் படத்திலிருந்தே நீக்கிவிட்டுக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.